செத்தது பிடியாலா, நோயாலா? அமெரிக்க போலீசில் 40 ஆண்டாக ஓயாத வழக்கு

1976-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். நள்ளிரவு தாண்டி மணி 2. அடால்ப் லயன்ஸ் என்ற 24 வயது கறுப்பு வாலிபர் காரில் போய்க்கொண்டிருந்தார். காரின் பின்பக்க விளக்கு ஒன்று எரியவில்லை. அதுதான் அவர் செய்த குற்றம்!

போலீஸ் கார் வழிமறித்தது. போலீசார் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே வந்தார்கள். "இறங்கு, காரைப் பார்த்துத் திரும்பி நில், காலை அகட்டு, கையைத் தலைமேல் வை" என்று உத்தரவு. வாலிபர் அப்படியே நின்றார். கையைப் பிடித்துத் தலைமேல் ஓங்கி அழுத்தினார் ஒரு போலீஸ்காரர். கையில் சாவிக்கொத்து இருந்தது. "வலிக்குது" என்றார் லயன்ஸ். சில விநாடிதான் ஆயிற்று. பின்னாலிருந்து ஒரு முழங்கை அவர் தொண்டையை வளைத்து இறுக்கியது. மூச்சுக்குத் திணறும்போதே கைவிலங்கு விழுந்தது. பிடி மட்டும் தளரவில்லை. நினைவு போயிற்று.

விழித்துப் பார்த்தபோது தரையில் குப்புறக் கிடந்தார். வாயில் ரத்தமும் மண்ணும். உடுத்திய துணியிலேயே சிறுநீரும் மலமும் கழிந்திருந்தன. குரல்வளையில் காயம். போலீசார் என்ன செய்தார்கள் தெரியுமா? விளக்கு எரியாததற்கு ஒரு அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, "போகலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்!

இவ்வளவும் லயன்ஸ் கோர்ட்டில் சொன்ன விவரம். அவர் பிழைத்ததால் சொல்ல முடிந்தது. பிழைக்காதவர்கள் பற்றித்தான் 40 ஆண்டாகச் சண்டை. ஒருவர் போலீஸ் பிடியில் செத்தால், "பிடித்ததால் செத்தாரா, அவர் உடம்பிலேயே கோளாறா?" என்ற கேள்வி எழுகிறது. செத்தவர் கறுப்பராக இருந்துவிட்டால் அவருடைய உடம்பே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது.

"கோழித் துடிப்பு"

லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசில் அப்போது இரண்டு வகைக் கழுத்துப்பிடி இருந்தது. ஒன்று, முன்கையைத் தொண்டைக்குக் குறுக்கே கம்புபோல வைத்து மூச்சுக்குழாயை நசுக்குவது. இன்னொன்று, முழங்கை மடிப்புக்குள் கழுத்தைச் சிக்கவைத்து இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளை அழுத்துவது. இரண்டாவது "பத்திரமானது" என்று பெயர். சில விநாடியில் ஆள் மயங்குவார், விட்டதும் எழுந்துவிடுவார் என்பது பாடம்.

பாடத்தில் சொல்வது வேறு, தெருவில் நடப்பது வேறு. தெருவில் யாரும் அசையாமல் நின்று கழுத்தைக் கொடுப்பதில்லை. ஆள் நெளிந்தால் பிடி நழுவும். தமனிமேல் இருந்த கை மூச்சுக்குழாய்மேல் போய்விடும். கழுத்துத் தமனியில் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. அதை ஓங்கி அழுத்தினால் சிலருக்கு இதயத் துடிப்பே சட்டென்று குறைந்துவிடும்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. மூச்சு அடைபட்டவன் சாகப் பயந்து கையையும் காலையும் உதறுவான். அவன் இஷ்டப்பட்டுச் செய்வதல்ல, உடம்பு தானாகச் செய்வது. பிடித்திருக்கும் போலீஸ்காரர் கண்ணுக்கு அது "எதிர்க்கிறான்" என்று தெரியும். அவர் இன்னும் இறுக்குவார். இவன் இன்னும் துடிப்பான். இந்தத் துடிப்புக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் "கோழித் துடிப்பு". அது சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

1975 பிப்ரவரி முதல் 1980 ஜூலை வரை குறைந்தது 975 தடவை இந்தப் பிடிகளைப் போட்டதாகக் கணக்கு. 1975 முதல் வழக்கு முடிந்த காலம்வரை பிடிக்குப்பின் செத்தவர்கள் 16 பேர். அதில் 12 பேர் கறுப்பு ஆண்கள். நகர ஜனத்தொகையில் கறுப்பு ஆண்கள் நூற்றுக்கு 9 பேர்தான். பிணங்களில் நூற்றுக்கு 75!

போலீஸ் தலைவரின் "ஆராய்ச்சி"

இந்தக் கணக்கு ஊர் முழுக்கப் பரவி, "ஏன் கறுப்பர்களே சாகிறார்கள்?" என்ற கேள்வி 1982-ல் வெடித்தது. பதில் சொன்னவர் நகரப் போலீஸ் தலைவர் டாரில் கேட்ஸ். சில கறுப்பர்களுக்கு இந்தப் பிடி போட்டால், ரத்தக் குழாய்கள் "சாதாரண மனிதர்களுக்கு" திறப்பதுபோல சீக்கிரம் திறப்பதில்லை போலிருக்கிறது என்றார். அதை ஆராயவும் சொன்னார்.

பிடித்த கையைப்பற்றி ஒரு கேள்வி இல்லை. கழுத்துக்குள் ஓடும் குழாயில் குறை கண்டுபிடித்தாயிற்று! அதிலும் வெள்ளையர் "சாதாரண மனிதர்", கறுப்பர் வேறு ஏதோ. கறுப்பர் அமைப்புகள் கொதித்தன. அவர் சொன்னதுபோல இனத்துக்கு ஒரு தமனி இருப்பதாக எந்த வைத்திய சாஸ்திரத்திலும் இல்லை. யார் கழுத்து அதிகம் பிடிபடுகிறதோ அவர்களில்தான் அதிகம் பேர் சாவார்கள் என்பதைக் கண்டுபிடிக்க டாக்டர் பட்டம் தேவையில்லை.

அந்த ஆண்டு மே 6-ந் தேதி மூச்சுக்குழாய்ப் பிடி அறவே தடை செய்யப்பட்டது. மே 12-ந் தேதி தமனிப் பிடிக்கும் 6 மாதம் கட்டுப்பாடு வந்தது. சுடலாம் என்கிற அளவுக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே அதைப் போடலாம்.

லயன்ஸ் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. "அவசியம் இல்லாமல் யார் கழுத்தையும் பிடிக்கக்கூடாது என்று நிரந்தரத் தடை போடுங்கள்" என்பது அவர் கோரிக்கை. 1983 ஏப்ரல் 20-ந் தேதி தீர்ப்பு வந்தது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். லயன்சுக்குத் தோல்வி. நடந்ததற்கு நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் இனியும் தன் கழுத்தைப் பிடிப்பார்கள் என்று அவர் நிரூபிக்கவில்லை, ஆகவே தடை கேட்க உரிமை இல்லை என்றது கோர்ட்டு. சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பு நீதிபதியான தர்குட் மார்ஷல் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். நாளைக்குத் தன் கழுத்து பிடிபடும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, அப்படியானால் இந்தக் கொள்கையை எதிர்த்து வழக்குப் போட யாருக்குமே உரிமை இல்லை என்றாகிறதே என்பது அவர் வாதம்.

லாஸ் ஏஞ்சல்சில் கழுத்துப்பிடி குறைந்தபின் தடி அதிகம் சுழன்றது. 1991-ல் ராட்னி கிங் என்ற கறுப்பரைச் சூழ்ந்துகொண்டு அடித்த காட்சி வீடியோவில் பதிவாகி உலகமெல்லாம் ஓடியது. அடுத்த ஆண்டு அந்தப் போலீசார் விடுதலையானதும் நகரம் பற்றி எரிந்தது. 50 பேருக்குமேல் மாண்டார்கள். கேட்ஸ் பதவியைவிட்டுப் போனது அந்த 1992-ல்தான்.

20 டாலர் நோட்டு

இப்போது மினியாபொலிஸ் நகருக்கு வருவோம். 2020 மே 25-ந் தேதி. ஒரு மூலைக்கடையில் ஜார்ஜ் பிளாய்ட் என்ற 46 வயதுக் கறுப்பர் சிகரெட் வாங்கினார். கொடுத்த 20 டாலர் நோட்டு கள்ள நோட்டோ என்று கல்லாவில் இருந்த 19 வயதுப் பையனுக்குச் சந்தேகம். கள்ள நோட்டை வாங்கிவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பது அந்தக் கடை வழக்கம். "சரி, என் கணக்கிலேயே போகட்டும்" என்றுதான் முதலில் நினைத்தானாம். பிறகு மனசு கேட்காமல் மானேஜரிடம் சொன்னான். கடையிலிருந்து போலீசுக்குப் போன் போயிற்று. "அந்த நோட்டை வாங்காமலே இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதே" என்று பின்னால் கோர்ட்டில் சொல்லி வருந்தினான்.

பிளாய்டுக்குக் கைவிலங்கு போட்டு, ரோட்டில் குப்புறப் போட்டார்கள். டெரக் சாவின் என்ற போலீஸ்காரர் கழுத்துமேல் முழங்காலை வைத்தார். இன்னொருவர் முதுகை அழுத்தினார். மூன்றாமவர் காலைப் பிடித்தார். நான்காமவர் கூட்டத்தைத் தடுத்தார். "மூச்சு விட முடியலை" என்று பிளாய்ட் சொன்னது 20 தடவைக்குமேல். 17 வயதுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று வேலை முறை இல்லாத தீயணைப்புப் படைப் பெண் ஒருவர், "நாடி பாருங்கள், நாடி பாருங்கள்" என்று கத்தினார். அவரைக் கிட்டே விடவில்லை.

காலைப் பிடித்திருந்த போலீஸ்காரர் வேலையில் சேர்ந்து சில நாள்தான் ஆகிறது. "ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். வெறிமயக்கம் வந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது என்றும் சொன்னார். சாவின் சம்மதிக்கவில்லை. முதுகை அழுத்தியவர் மணிக்கட்டில் கைவைத்துப் பார்த்தார். நாடி இல்லை. அதைச் சொல்லவும் செய்தார். முழங்கால் அப்போதும் எடுக்கப்படவில்லை. மொத்தம் 9 நிமிடம் 29 விநாடி!

மறுநாள் போலீஸ் விடுத்த அறிக்கையின் தலைப்பில், போலீசாரோடு ஏற்பட்ட ஒரு விவகாரத்தின்போது "உடல்நலக் கோளாறு" நேர்ந்து ஒருவர் மரணம் என்று இருந்தது. முழங்காலைப்பற்றி மூச்சே இல்லை. அந்தப் பெண்ணின் செல்போன் மட்டும் இல்லாவிட்டால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

கோர்ட்டில் கழுத்தைத் தடவிய ஜூரிகள்

வழக்கு 2021-ல் நடந்தது. வெளியே இனத்தைப்பற்றி நாடே கொந்தளித்தது. கோர்ட்டுக்குள்ளே நாள்கணக்கில் நடந்தது வைத்திய வகுப்பு.

எதிர்தரப்பு வக்கீல் கையிலும் சரக்கு இல்லாமல் இல்லை. பிளாய்டின் இதயக் குழாய்கள் சுருங்கியிருந்தன. ரத்த அழுத்தம் இருந்தது. ரத்தத்தில் பென்டனில் என்ற போதைமருந்து இருந்தது. மெத்தாம்பிட்டமினும் கொஞ்சம் இருந்தது. "இவர் எப்படியும் செத்திருப்பார்" என்று ஜூரிகள் நினைத்தால் போதும், வழக்கு கவிழ்ந்துவிடும்.

அப்போது சாட்சிக் கூண்டில் ஏறினார் சிகாகோ பக்கத்தைச் சேர்ந்த நுரையீரல் நிபுணர் டாக்டர் மார்ட்டின் டோபின். அயர்லாந்தில் பிறந்தவர். இந்தச் சாட்சியத்துக்குச் சல்லிக்காசு வாங்கவில்லை. அவர் பேசப் பேச, ஜூரிகள் தங்கள் கழுத்தைத் தாங்களே தொட்டுத் தடவிப் பார்த்தார்கள். எந்த இடத்தில் முழங்கால் இருந்தது, அங்கே என்ன இருக்கிறது என்று அவர் அப்படிச் சொல்லிக்கொடுத்தார். "இஷ்டம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்" என்று நீதிபதி குறுக்கிட வேண்டியதாயிற்று.

அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். மூச்சு இழுக்கவேண்டுமானால் விலா எலும்புகள் விரிய வேண்டும், வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள தசை கீழே இறங்க வேண்டும். குப்புறப் போட்டு, கையைப் பின்னால் கட்டி, மேலே ஆளும் ஏறினால் கீழே தார்ரோடு, மேலே விலங்கும் கையும். நடுவில் மார்பு இடுக்கியில் மாட்டிய மாதிரி. பிளாய்ட் பக்கத்து டயரிலும் ரோட்டிலும் விரலையும் முட்டியையும் ஊன்றி, வலது மார்பைக் கொஞ்சம் தூக்கி ஒரு வாய்க் காற்றுக்குப் பாடுபட்டது படத்தில் தெரிகிறது என்று சுட்டிக்காட்டினார். உடம்பில் பிராணவாயு துளியும் இல்லை என்ற நிலை வந்தபிறகும் முழங்கால் 3 நிமிடம் 2 விநாடி கழுத்தில் இருந்தது என்று கணக்குச் சொன்னார். நோய்நொடி இல்லாத திடமான ஆளாக இருந்தாலும் செத்திருப்பார் என்றார்.

இன்னொரு விஷயத்தையும் போட்டு உடைத்தார். "பேச முடிகிறது என்றால் மூச்சு விட முடிகிறது என்றுதானே அர்த்தம்?" இது அமெரிக்க போலீஸ் வட்டாரத்தில் பழைய வேதவாக்கு. 2014-ல் நியூயார்க்கில் எரிக் கார்னர் என்ற கறுப்பர், சில்லறை சிகரெட் விற்றதாகச் சந்தேகப்பட்டுப் பிடித்தபோது, 11 தடவை "மூச்சு விட முடியலை" என்று சொல்லிச் செத்தார். அப்போதும் இதையேதான் சொன்னார்கள். ஆஸ்துமாவும் பருமனும் இல்லாவிட்டால் செத்திருக்க மாட்டார் என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினரே பேசினார். பேச்சு வந்தால் அந்த விநாடி மூச்சு இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த 5 விநாடிக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டோபின்.

பிளாய்டின் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஆண்ட்ரூ பேக்கர், இதயநோயையும் போதைமருந்தையும் மறைக்கவில்லை. அவற்றைத் துணைக் காரணமாக எழுதி, போலீசார் அடக்கிப் பிடித்ததையும் கழுத்தை அழுத்தியதையும் மூலகாரணத்தில் சேர்த்தார். "பிறர் செயலால் நேர்ந்த சாவு" என்று முத்திரை குத்தினார். அந்த இதயம் தாங்கக்கூடியதைவிட இது அதிகம் என்று கோர்ட்டிலும் சொன்னார். பலவீனமான இதயம் என்றால் இன்னும் பதமாக அல்லவா பிடிக்க வேண்டும்?

ஜூரிகள் 12 பேர். 6 பேர் வெள்ளையர், 4 பேர் கறுப்பர், 2 பேர் கலப்பினத்தவர். மூன்று குற்றச்சாட்டிலும் சாவின் குற்றவாளி என்றார்கள். அன்று தேதி ஏப்ரல் 20. லயன்ஸ் தோற்ற அதே ஏப்ரல் 20, சரியாக 38 ஆண்டு கழித்து. தண்டனை 22½ ஆண்டு சிறை.

வெள்ளைக்காரர் செத்தபோது

"இதில் இனம் எங்கே வந்தது? பயிற்சிதான் கோளாறு" என்பவர்கள் அமெரிக்காவில் நிறைய. அவர்கள் கையில் ஒரு பெயர் இருக்கிறது. டோனி டிம்பா. வெள்ளையர், 32 வயது. 2016 ஆகஸ்டில் டல்லஸ் நகரில், மனநோய்க்கு மருந்து சாப்பிடவில்லை, பயமாக இருக்கிறது என்று தானே போலீசுக்குப் போன் செய்து உதவி கேட்டவர். வந்த போலீசார் குப்புறப் போட்டு முதுகில் முழங்கால் வைத்து ஏறக்குறைய 14 நிமிடம் அழுத்தினார்கள். அசைவு நின்றபின், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு எழுந்திரு என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். ஆள் பிணம். கிரிமினல் வழக்கு 2019-ல் கைவிடப்பட்டது. 2023-ல் சிவில் ஜூரி அவர் மகனுக்கு 10 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

அவர்கள் சொல்வதில் பாதி நிஜம். குப்புறக் கிடக்கும் மார்புக்கு நிறம் தெரியாது. வெள்ளையரும் இப்படிச் சாகிறார்கள். ஆனால் டிம்பா செத்தபோது "வெள்ளையர் ரத்தக்குழாயே அப்படித்தான்" என்று எந்தப் போலீஸ் தலைவரும் சொல்லவில்லையே!

போலீசுக்கு இந்த ஆபத்து தெரியாது என்றும் சொல்ல முடியாது. கைவிலங்கு போட்ட உடனே ஆளைக் குப்புற நிலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அமெரிக்க நீதி இலாகா 1995-லேயே எல்லாப் போலீசுக்கும் எழுதிவிட்டது. அதற்கு எதிராக, ஆரோக்கியமான வாலிபர்களைக் குப்புறப் படுக்கவைத்துச் சோதித்து, "ஆபத்தில்லை" என்று சில டாக்டர்கள் கட்டுரை எழுதினார்கள். போலீஸ் தரப்பு வக்கீல்களுக்கு அது கைவிளக்கு ஆயிற்று. சோதனைக்கு வந்தவர் வேண்டாம் என்றால் உடனே எழுந்துவிடலாம். ரோட்டில் கிடப்பவர் யாரிடம் சொல்லுவார்?

கலைந்துபோன வியாதி

பிளாய்ட் காலடியில் அந்தப் புதுப் போலீஸ்காரர் சொன்ன வெறிமயக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆங்கிலத்தில் எக்சைட்டட் டெலிரியம். கோக்கைன் போன்ற போதையில் ஆள் வெறிபிடித்து, யானை பலம் வந்து, திடீரென்று தானாகவே செத்துவிடுவான் என்பது அந்த வியாதியின் லட்சணம். 1980-களில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மயாமி நகரப் பிரேதப் பரிசோதனை டாக்டர் சார்லஸ் வெட்லி. இப்படிச் சாகிறவர்களில் கறுப்பு ஆண்களே அதிகம், பரம்பரைக் காரணமாக இருக்கலாம் என்றார் அவர். கேட்சின் ரத்தக்குழாய்க் கதை இங்கே டாக்டர் கோட்டு போட்டு வந்தது!

அதே மயாமியில் அப்போது கறுப்புப் பெண்கள் பலர், பெரும்பாலும் விபசாரத்தில் இருந்தவர்கள், ஒருவர்பின் ஒருவராகப் பிணமாகக் கிடந்தார்கள். உடம்பில் கொஞ்சம் கோக்கைன். கோக்கைனும் உடலுறவும் சேர்ந்து வந்த சாவு என்று வெட்லி முடிவு கட்டினார். பிறகு ஒரு 14 வயதுச் சிறுமி அதேபோலக் கிடந்தாள். அவள் உடம்பில் கோக்கைனே இல்லை. மேலதிகாரியான டாக்டர் பழைய கோப்புகளைப் பிரித்துப் பார்த்தார். அத்தனையும் மூச்சை அடைத்துச் செய்த கொலைகள்! ஒரே ஆள் வேலை என்று போலீசார் முடிவு செய்தார்கள். கணக்கு கடைசியில் 32 பெண்கள்வரை போயிற்று. வியாதி என்று கோப்பை மூடியிருந்த காலமெல்லாம் அவன் வெளியே திரிந்தான்.

இவ்வளவு தெரிந்தபிறகும் அந்தப் பெயர் போலீஸ் பயிற்சியிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் 30 ஆண்டுக்குமேல் உலவியது. அமெரிக்க மருத்துவ சங்கம் 2021-ல் அதை எதிர்த்தது. பிரேதப் பரிசோதனை டாக்டர்களின் தேசிய சங்கம் 2023-ல் கைகழுவியது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம், சாவுக்குக் காரணமாக அதை எழுதவே கூடாது என்று சட்டம் போட்டது. இதற்குத் தம்பி இன்னொன்று. சில கறுப்பர்களுக்குப் பிறவியிலேயே ரத்த அணுவில் அரிவாள் வடிவக் கோளாறின் பாதி அம்சம் இருக்கும். அநேகமாக அவர்கள் சாதாரணமாகவே வாழ்வார்கள். போலீஸ் காவலில் நடந்த 40-க்கும் மேற்பட்ட சாவுகளில் இதைக் காரணம் காட்டியிருப்பது 2021-ல் ஒரு நியூயார்க் பத்திரிகையின் விசாரணையில் அம்பலமாயிற்று.

87 கோப்புகள்

சாவின் வழக்கில் எதிர்தரப்புக்குச் சாட்சி சொன்னவர் மேரிலாந்து மாநிலத்தின் முன்னாள் தலைமைப் பிரேதப் பரிசோதனை டாக்டர் டேவிட் பவுலர். பிளாய்ட் செத்தது இதயக் கோளாறால், சாவின் வகையை "நிச்சயிக்க முடியாது" என்றார். கார் புகையும் காரணமாக இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். இதைக் கேட்டு 400-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு, "இவர் பதவியில் இருந்தபோது எழுதிய அறிக்கைகளைத் தோண்டிப் பாருங்கள்" என்று மனு கொடுத்தார்கள்.

தோண்டினார்கள். 2003 முதல் 2019 வரை மேரிலாந்தில் போலீஸ் அடக்கிப் பிடித்தபோது செத்தவர்களில் 87 பேரின் கோப்புகள் வெளியூர் நிபுணர்களிடம் போயின. ஒவ்வொரு கோப்பையும் மூன்று டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். 2025 மே மாதம் முடிவு வெளியாயிற்று. 36 சாவுகளில் மூன்று டாக்டர்களும் ஒருமித்து, "பிறர் செயலால் நேர்ந்த சாவு" என்றே எழுதியிருக்க வேண்டும் என்றார்கள். எழுதியிருந்தது விபத்து, இயற்கை மரணம், அல்லது நிச்சயமில்லை. செத்தவர் கறுப்பராக இருந்தாலோ, பிடித்தவர் போலீசாக இருந்தாலோ அப்படி எழுதுவது குறைந்திருந்தது என்பதும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது.

அந்த வழக்குகளை மறுபடி எடுக்கலாமா என்று சர்க்கார் வக்கீல்களுடன் சேர்ந்து பரிசீலிப்பதாக மாநில அட்டர்னி ஜெனரல் அன்று அறிவித்தார். கோப்புகளில் பழையது 20 ஆண்டைத் தாண்டிவிட்டது.